இல்லாட்டி அண்ணனும் ஒரு நெட்டுக்கோடும்

ஒரு டீ சொல்வதற்கு ஒரு டீயைக் குடித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவருக்கு அடுத்த நாற்காலியில் மூன்று மாதம் குப்பை கொட்டியவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்தைத் தாண்டி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். நாலு கம்ப்யூட்டர், ஆறு பேர், ஒரே ஒரு ஃபேன். அங்கே யாரும் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டில்கூட அவர் பெயருக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘இல்லாட்டி’ என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் இல்லாட்டி அண்ணன் என்பேன்.

காரணம், அவர் எதையும் ஒன்றாகச் சொல்ல மாட்டார். பதினோரு மணிக்குக் கீழே டீக்கடைக்கு இறங்குவோம்.

“மாஸ்டர், ஒரு டீ. இல்லாட்டி காபி. பால் கம்மியா இருந்தா லெமன் டீ போடுங்க. இல்லாட்டி ஒண்ணு பண்ணுங்க, எது ரெடியா இருக்கோ அத ஊத்துங்க.”

“மாமா, எனக்கு இருக்கறது ரெண்டே கை. முடிவா என்னா வேணும்?”

“முடிவா கேட்டா எப்பிடி மாஸ்டர்? ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு இருக்கணும் இல்ல?”

மாஸ்டர் பால் சட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பின்னால் நிற்கிற வரிசை நெளியும். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் ஏற்கெனவே பெயர். “அண்ணா, டீன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன், உயிரா போயிடும்?” என்று கத்துவேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, “போவாது. இல்லாட்டி போனாலும் போவும்” என்பார்.

கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ்ஸுக்கு டைம் கீப்பராக இருந்தவர். ஊர் பெயரைக் கூவி ஆள் ஏற்றுவதும் அந்த வேலையில் சேர்த்தி. தொண்டை என்றால் தொண்டை, அப்படி ஒரு தொண்டை. ஆனால் கூவுவது எப்படித் தெரியுமா? “சிதம்பரம், சிதம்பரம், சிதம்பரம்! இல்லாட்டி சீர்காழி!” ஏறப்போன ஆட்கள் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, “யோவ், வண்டி எங்கதான்யா போவுது?” என்று கேட்பார்கள். “நீங்க எங்க போவணும், அத மொதல்ல சொல்லுங்க” என்பார் இவர். நாலு தடவை வண்டி லேட்டானதும் பஸ்காரர்கள் கும்பிட்டு அனுப்பி வைத்தார்கள். அதன் பிறகு நாற்பத்தோரு வயதில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு, நான் சேர்ந்த அதே நாளில் அவரும் அங்கே வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புரோகிராம் விஷயத்தில் ரெண்டு பேருமே கைநாட்டு.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சிதம்பரத்தில் நர்ஸ். ஒரு நாள் அண்ணன் மறந்து வைத்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தார். நான் சும்மா இருப்பேனா? “எப்பிடிக்கா இவரோட குடும்பம் நடத்துறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“ஏம்மா கேக்குற! கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல ஃபாதர் சம்மதமான்னு கேக்குறாரு, இந்த மனுஷன் வாயத் தொறக்குறாரு. எங்க அப்பா, எங்க மாமா, மொத்த சர்ச்சும் மூச்ச புடிச்சிகினு உக்காந்திருக்கு, எங்க இல்லாட்டின்னு ஆரம்பிச்சிடப் போறாரோன்னு. ‘சம்மதம்’னு ஒரே வார்த்த. அத்தோட நிறுத்திகிட்டாரு. அதுக்கு முன்னயும் கெடையாது, பின்னயும் கெடையாது.”

இல்லாட்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீசில் அப்போது பெரிய வேலை, சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய சந்தில் சரோஜா மேடம் நடத்தி வந்த திருமணத் தகவல் மையம். பல வருஷத்து வரன் நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வரி. மணமகனா மணமகளா, ஊர், வேலை, படிப்பு, குணம், போன் நம்பர். பார்ட்டி கேட்கிற மாதிரி வரன்களைத் தேடி எடுத்து, அவர்கள் போனுக்கு மெசேஜ் அனுப்புவது எங்கள் பொறுப்பு.

தேடுவதுதான் கொடுமை. ஏற்றியவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் மூன்று விதம். இஞ்சினியர் என்று ஒரு வரி இருக்கும், பி.இ. என்று ஒரு வரி இருக்கும், ‘பில்டிங் கட்டுறார்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு அம்மா ஊர் என்ற இடத்தில் ‘கோயில் பக்கம்’ என்று மட்டும் கொடுத்திருந்தார். சிதம்பரத்தில் எதுதான் கோயில் பக்கம் இல்லை?

இந்த மாதிரி நேரத்தில் புரோகிராம் எழுதுகிறவர்கள் ரெஜெக்ஸ் என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். எழுத்துக் கூட்டத்துக்குள் எழுத்தைத் தேடுகிற வித்தை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களை முதல் வாரமே அழவைத்துவிடும். ஆனால் அதில் ஒரு குறி மட்டும் சுலபம். கீபோர்டில் என்டருக்கு மேலே இருக்கிற பொத்தானை ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் நெட்டாக ஒரு கோடு விழும். இதோ இப்படி: |. இஞ்சினியர்|டாக்டர் என்று எழுதினால், இந்த வரியில் இஞ்சினியர் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் டாக்டர் இருக்கிறதா பார், ரெண்டில் எது இருந்தாலும் வரியை எடுத்துக்கொடு என்று அர்த்தம்.

ஓனர் சார் இதைப் போர்டில் எழுதிக் காட்டிய காலையில் இல்லாட்டி அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“சார், இது கம்ப்யூட்டருக்குப் புரியுமா?”

“புரியும்.”

“கோச்சிக்காதா?”

“அது ஏன்யா கோச்சிக்கப் போவுது?”

“டீ மாஸ்டர் கோச்சிக்கிறாரே சார்.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தன்னுடைய பேச்சை முகம் சுளிக்காமல் கேட்கிற ஒரு ஜீவனை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. எல்லாருடைய கீபோர்டிலும் ஸ்பேஸ் பார் தேயும், அவருடையதில் அந்தக் கோட்டுப் பொத்தான் ஒரே மாதத்தில் மொட்டையாகிவிட்டது. இஞ்சினியர் ஒருவனைத் தேடப் பதினோரு ‘இல்லாட்டி’ போடுவார். பில்டிங், சைட்டு, கொத்தனாருக்கு மேல, பி.ஈ., எல்லாம் அதில் இருக்கும். நான் ரெண்டு போட்டு ஏழு வரன் எடுத்தால், அவர் பதினொன்று போட்டு இருபது வரன் எடுப்பார். எனக்கு எரியும்.

ஒரு தடவை எனக்கு ஒரு சிக்கல் வந்தது. சிதம்பரத்து இஞ்சினியரோ, சிதம்பரத்து டாக்டரோ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் ‘சிதம்பரம், இஞ்சினியர்|டாக்டர்’ என்று எழுதினேன். சிதம்பரத்து இஞ்சினியர்கள் வந்தார்கள். கூடவே திருச்சி, சேலம், வேலூர் என்று எல்லா ஊர் டாக்டர்களும் வந்து நின்றார்கள். தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து டீக்கடையில் அண்ணன், “சூடா டீ, இல்லாட்டி காபி” என்றார். மாஸ்டர் ஆறிப்போன காபியைக் கொடுத்தார். “சூடு டீக்குத்தான சொன்ன மாமா? காபிக்கு எங்க சொன்ன?” என்று ஒரு நியாயம் வேறு.

அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “பாப்பா, உன் டாக்டருங்க இப்பிடித்தான் வந்திருக்காங்க. சிதம்பரம்னு நீ இஞ்சினியருக்கு மட்டுந்தான் சொல்லியிருக்க” என்றார். மேலே ஓடி, அடைப்புக்குறி போட்டு ‘சிதம்பரம், (இஞ்சினியர்|டாக்டர்)’ என்று மாற்றினேன். வெளியூர் டாக்டர்கள் மறைந்துபோனார்கள். மறுநாளிலிருந்து அவர் டீ சொல்லும்போது, “சூடா” என்று சொல்லிவிட்டு ரெண்டு உள்ளங்கையையும் வளைத்து அடைப்புக்குறியாகப் பிடித்துக்கொண்டு, “டீ இல்லாட்டி காபி” என்பார். மாஸ்டர் என்னைப் பார்த்து, “என்னாம்மா ஆச்சு இவருக்கு?” என்று கண்ணால் கேட்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மெசேஜை அனுப்புவதற்கு முன்னால் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்ப்பார். “டிக்கெட்ட எண்ணாம விசில் அடிக்கக் கூடாது பாப்பா. வண்டி கெளம்பிட்டா அப்பறம் எறக்க முடியாது.” இந்த ஒரு விஷயத்தை மட்டும் நாளுக்குப் பத்து முறை சொல்வார். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

என் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு ஊர் கீரப்பாளையம். மஞ்சக்குப்பத்தில் ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஓனர் சார், “மூணு மாசம் பாப்போம். பெரிய தப்பு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு வந்தாலும் பையத் தூக்கிகினு கெளம்பிடணும்” என்று எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். வீட்டில் அப்பா வேறு கணக்கு வைத்திருந்தார். “பாப்பா, மூணு மாசத்துல வேல பர்மனென்ட் ஆச்சுன்னா ரெண்டு வருஷம் உன் இஷ்டம். ஆவலன்னா என் இஷ்டம்.” அப்பாவின் இஷ்டம் என்றால் கல்யாணம். எனக்குக் கல்யாணத்தின் மேல் விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் அந்த மாடிப்படி ஏறும்போது எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது என்று ஒரு நினைப்பு வருமே, அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

அப்பா சொன்னதோடு நிற்கவில்லை என்பது ரெண்டாவது மாதம்தான் தெரிந்தது. சரோஜா மேடத்தின் பட்டியலில் ‘மணமகள், கீரப்பாளையம்’ என்று ஒரு வரி வந்தது. போன் நம்பரைப் பார்த்தால் எங்கள் அப்பா நம்பர். குணம் என்ற இடத்தில் ‘மிகவும் அமைதி’ என்று போட்டிருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். “அமைதியா? இது வேற யாராச்சும் இருக்கும் பாப்பா. இல்லாட்டி டைப் பண்ணவன் தூங்கியிருப்பான்” என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

இப்படியாக மூன்று மாதம் ஓடி, கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை பர்மனென்ட் ஆர்டர். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நான் பறந்துகொண்டிருந்தேன். மெசேஜ் அனுப்புகிற கம்ப்யூட்டர் எல்லாருக்கும் பொது. அதில் நான் உட்கார்ந்திருந்தபோது சரோஜா மேடத்திடமிருந்து போன் வந்தது.

“மேல்பட்டாம்பாக்கத்து பார்ட்டிம்மா. பொண்ணு டீச்சரு. மாப்ள கடலூரா இருக்கணுமாம்.”

‘மணமகன், கடலூர்’ என்று தட்டினேன்.

“சிதம்பரம்னாலும் சரியாம்.”

ஒரு கோடு போட்டு, ‘மணமகன், சிதம்பரம்’ என்று தட்டினேன்.

“நெல்லிக்குப்பம்னாலும் பாக்கலாம்னாங்க.”

இன்னொரு கோடு, ‘மணமகன், நெல்லிக்குப்பம்’.

“இன்னும் ஒரு ஊரு சொன்னாங்களே, இரு, சீட்டுல எழுதி வச்சேன்...”

அவர் சீட்டைத் தேடுகிற நேரத்தில் நான் முந்திக்கொண்டு அடுத்த கோட்டையும் போட்டுவிட்டு, ஊருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் மூன்றரையைத் தாண்டிவிட்டது.

“சீட்ட காணோம்மா. வுடு, மூணு ஊரு போதும். நாளைக்கு காலைல பத்து மணிக்கு ஜாதகத்தோட வரச் சொல்லிடு.”

போனை வைத்தேன். மெசேஜை அடித்தேன். பையைத் தோளில் மாட்டினேன். அனுப்புகிற பொத்தானை அழுத்தினேன். வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்ற அண்ணன், “எண்ணிப் பாத்தியா பாப்பா?” என்று கேட்டார்.

“பாத்துட்டேண்ணா” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தூரப் பிடித்து வாசிக்கிறார். “தங்கள் விருப்பத்திற்கேற்ற வரன் அமைந்துள்ளது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜாதகத்துடன் நேரில் வரவும்.” அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் பேஸ்ட் நுரையோடு நின்றேன்.

அந்த மெசேஜை எழுதியவள் நான்தான். அது மூன்று ஊர் மாப்பிள்ளைகளுக்குத்தான் போயிருக்க வேண்டும். கீரப்பாளையத்து மணமகளின் அப்பாவுக்கு ஏன் வந்தது? அப்போதுதான் அந்தக் கடைசிக் கோடு கண் முன்னால் வந்தது. அதற்குப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை, அழிக்கவும் இல்லை. கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்? கடலூர் மாப்பிள்ளை, இல்லாட்டி சிதம்பரம் மாப்பிள்ளை, இல்லாட்டி நெல்லிக்குப்பம் மாப்பிள்ளை, இல்லாட்டி எதுவுமே இல்லாமல் இருந்தாலும் சரி என்று எடுத்துக்கொண்டது. எதுவுமே கேட்காவிட்டால் எல்லா வரியும் பொருந்தும். பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் மெசேஜ் போயிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னால் வேலை போகும் விஷயத்தை நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். அம்மா பட்டுப் புடவையைக் கட்டிவிட்டாள், ரெண்டு முழம் மல்லிகை வைத்தாள். பஸ் ஏறினால், பாதிப் பேர் கையில் ஓரத்தில் மஞ்சள் தடவிய ஜாதகம் இருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மா, “உங்களுக்கும் அமைஞ்சிருக்கா? எங்க புள்ளைக்கும் அமைஞ்சிருக்கு” என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேல வீதிச் சந்தில் கால் வைக்க இடமில்லை. பட்டு வேட்டி, பட்டுப் புடவை, பூ, பழத்தட்டு. மையத்தின் கிரில் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு சரோஜா மேடம், “நான் ஒண்ணும் அனுப்பலீங்க, கம்ப்யூட்டருங்க” என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு ஆள் இடுப்பில் குழந்தையோடு கிரிலை ஆட்டினார்.

“எனக்கு கல்யாணம் ஆயி மூணு வருஷம் ஆச்சும்மா! நீங்கதான் முடிச்சு வச்சீங்க! இப்ப எனக்கு எந்த வரன் அமைஞ்சிருக்கு?”

“அதத்தான் நானும் கேக்குறேன்” என்றாள் பின்னாலிருந்து அவர் மனைவி. “நேத்திலேருந்து கேக்குறேன், வாயத் தொறக்க மாட்டன்றாரு.”

யாரோ பழத்தட்டைக் கீழே போட்டார்கள். யாரோ கல்லை எடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். அந்த நேரத்தில்தான் சந்து முனையில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஆபீசில் சிதம்பரத்தில் குடியிருக்கிற ஒரே ஆள் என்று ஓனர் சார் போன் பண்ணி விரட்டியிருக்கிறார். சர்ச்சிலிருந்து நேராக, கையில் பைபிளோடு, இல்லாட்டி அண்ணன் வந்து படியில் ஏறி நின்றார். பஸ் ஸ்டாண்டு தொண்டை திறந்தது.

“பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் இந்தப் பக்கம்! இல்லாட்டி நெழல் எங்க இருக்கோ அங்க நில்லுங்க! மாப்ள வீட்டுக்காரங்க அந்தப் பக்கம்! இல்லாட்டி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க! பேர எழுதிக் குடுத்துட்டுப் போறவங்க போலாம், இல்லாட்டி உக்காந்து பேசிட்டுப் போறவங்க பேசலாம்! கல்யாணம் ஆனவங்க தயவுசெஞ்சி வூட்டுக்குப் போங்க! இல்லாட்டி...” என்று ஆரம்பித்தவர், குழந்தைக்காரரின் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விழுங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. சண்டைக்கு வந்தவனுக்கு எதிராளி ஒரு பதில் சொன்னால்தானே மல்லுக்கு நிற்க முடியும்? இவர் நாலு சொல்வார். எதன் மேல் கோபப்படுவது என்று தேர்ந்தெடுப்பதற்குள் மனிதன் ஓய்ந்துபோவான். அரை மணி நேரத்தில் நிழலில் நின்ற பெண் வீட்டாரும் டீ குடித்து வந்த மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரையொருவர் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். மல்லிகை, பட்டு, கையில் ஜாதகம், பக்கத்தில் அப்பா. ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். எண்ணிப் பார்த்தாயா என்று கேட்கவில்லை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

ஓனர் சார் கடலூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“நேத்து சாயங்காலம் அந்த சிஸ்டத்துல உக்காந்தது யாரு? யாரு பண்ண வேல இது?”

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். பக்கத்தில் அப்பா. நாளைக்கு ஆர்டர். கையிலிருந்த ஜாதகத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

“நான்தான்” என்றார் இல்லாட்டி அண்ணன்.

ஓனர் சார் காத்திருந்தார். நான் காத்திருந்தேன். உள்ளே கிரிலைப் பிடித்துக்கொண்டு சரோஜா மேடம் காத்திருந்தார். இல்லாட்டி அவுங்க, இல்லாட்டி கம்ப்யூட்டரு என்று ஏதாவது வரும் என்று எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. அவர் பைபிளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

“வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்யா” என்றார் ஓனர் சார், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. “நீயே இப்பிடி ஒத்த வார்த்தைல சொல்றன்னா அது நெசமாத்தான் இருக்கும். நாளைலேருந்து வராத.”

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா, “நல்ல மனுஷனா இருக்காரு, தப்ப ஒத்துகிட்டாரு பாத்தியா” என்றார். நான் அழுதேன். வரன் அமையாத வருத்தம் என்று நினைத்து அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை எனக்கு ஆர்டர் வந்தது. அவர் தன் சாமானை எடுத்துப்போக வந்திருந்தார். மாடிப்படியில் மறித்துக்கொண்டு, “ஏண்ணா அப்பிடிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“உங்க அப்பா பக்கத்துல நின்னாரு. இல்லாட்டி எனக்கு தெனம் பஸ்ல வந்து போயி முதுகு போச்சுன்னு வச்சிக்கோ. இல்லாட்டி சும்மா தோணுச்சு, சொல்லிட்டேன். உனக்கு எது புடிக்குதோ அத எடுத்துக்கோ பாப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் ஓனர் சாரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அறைக்கதவு வரை போனேன். திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வாரமே சரோஜா மேடம் அவரைத் தன் மையத்துக்கு இழுத்துக்கொண்டார். “இந்த மனுஷன் வாய் இல்லன்னா என் கடைக் கண்ணாடி ஒண்ணு மிச்சம் இருந்திருக்காது” என்றாராம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். இஞ்சினியர் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதமாக வருகிற அப்பாக்களிடம், இல்லாட்டி வாத்தியாரு, இல்லாட்டி கடை வச்சிருக்கிற பையன் என்று ஆரம்பித்து, பதினோராவது இல்லாட்டியில் மடக்கிவிடுவாராம். எங்கள் அப்பா சொன்ன சொல் தவறவில்லை. ரெண்டு வருஷம் என் இஷ்டம்தான் நடந்தது. அதற்கப்புறமும் பெரும்பாலும் என் இஷ்டம்தான் நடக்கிறது.

இப்போது அதே மாடியில் புதிதாக வருகிறவர்களுக்கு நெட்டுக்கோட்டை நான்தான் போர்டில் எழுதிக் காட்டுகிறேன். கடைசிக் கோட்டுக்குப் பிறகு எதுவும் இல்லையென்றால் ஊரே வந்து நிற்கும், அனுப்புவதற்கு முன்னால் எண்ணிப் பாருங்கள் என்று சொல்வேன். யார் செய்த தப்பு அது என்று யாராவது கேட்டால், பேச்சை மாற்றிவிடுவேன். ஆறு வருஷமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஓனர் சார் இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவர். படிக்கட்டும். சார், அன்றைக்கு அந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தது நான்.

அந்த மனிதர் வாழ்க்கையில் ரெண்டே தடவைதான் ஒரே பதிலாகச் சொல்லி நிறுத்தியிருக்கிறார். சர்ச்சில் ஸ்டெல்லா அக்காவுக்காகச் சொன்னது உண்மை. மேல வீதிச் சந்தில் எனக்காகச் சொன்னது பொய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போகிறேன். சர்ச் முடிந்து அவர் வருகிற நேரத்தில் மையத்தின் அந்தப் படியில் நிற்பேன். டீயா, இல்லாட்டி காபியா என்று அவர் ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, “ரொம்ப நன்றிண்ணா” என்று சொல்லிவிட்டு, அத்தோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன்.